திரும்பி வராத சில நிமிடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பத்தாம் நாள், மனைவியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் மருத்துவரிடம் வருவது எங்களைப் போன்ற நரம்பியல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி. எப்படி விழுந்தேன் என்பது அடியோடு நினைவில்லை என்பார் அவர். மனைவியின் கவலை வேறு: காலையில் சொன்னது மாலையில் மறந்துவிடுகிறது, சாவியை வைத்த இடம் தெரியவில்லை, கடைக்குப் போனால் பாதிச் சாமான்களோடு திரும்புகிறார். இருவரும் ஒரே மறதியைப் பற்றித்தான் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு காரணங்களால் வருபவை. வேறு வேறு விதமாக முடிபவை.

முதல் மறதியைப் புரிந்துகொள்ள, பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ரிட்சி ரஸல் எழுதிவைத்த ஒரு நோயாளியின் வரலாறு உதவும். 1933 ஆகஸ்டில், கோல்ஃப் மைதானத்தின் புல்தரையைப் பராமரித்துவந்த 22 வயது இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். நெற்றியின் இடப்புறம் கன்றியிருந்தது. இடது காதிலிருந்து சிறிது இரத்தம் வந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை. ஒரு வாரத்தில் அவர் தெளிவாகப் பேசத் தொடங்கவே, முழுச் சுயநினைவு திரும்பிவிட்டதென்று செவிலியர்கள் கருதினார்கள். தேதியைக் கேட்டபோதோ, இது 1922 பிப்ரவரி என்றும், தாம் பள்ளியில் படிக்கும் பையன் என்றும் சொன்னார். ஆஸ்திரேலியாவில் கழித்த ஐந்து ஆண்டுகளும், தாய்நாடு திரும்பி வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளும் அவருடைய நினைவில் இல்லவே இல்லை. இரண்டாம் வாரத்தில் ஆஸ்திரேலியா நினைவுக்கு வந்தது. மூன்றாம் வாரம், வேலை பார்த்த ஊருக்கே போனவர், முன்பின் பார்த்திராத ஊர்போல அங்கே வழி தவறினார். ஏறக்குறைய பத்து வாரங்கள் ஆனபின்தான் அந்த இரண்டு ஆண்டுகளும் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தன. விபத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் மட்டும் வரவில்லை.

ஏழு ஆண்டுகள் திரும்பியபோது அந்தச் சில நிமிடங்கள் ஏன் திரும்பவில்லை? கண்டதும் கேட்டதும் அந்தக் கணமே நிலைத்த நினைவாகிவிடுவதில்லை. மூளையின் உட்புறம் காதுகளுக்கு நேராக இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி அவற்றை வாங்கிப் பதியவைக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. உறை ஊற்றிய பாலை உறைவதற்குள் ஆட்டிவிட்டால் தயிர் கட்டுவதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். யார்னெல், லிஞ்ச் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆட்டத்தின் நடுவே தலையில் மோதிக்கொண்ட அமெரிக்கக் கால்பந்து வீரர்களை மைதானத்திலேயே விசாரித்து 1970இல் எழுதிய கட்டுரை இதை அழகாகக் காட்டுகிறது. மோதிய உடனே கேட்டபோது, அடிபடுவதற்கு முன் என்ன நடந்தது என்பதை வீரர்கள் சொன்னார்கள். சில நிமிடங்கள் கழித்து அதையே கேட்டபோது தெரியவில்லை என்றார்கள். செய்தி உள்ளே போயிருக்கிறது, உறையவில்லை.

அடிக்குப் பின்னும் இப்படி ஓர் இடைவெளி உண்டு. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்து, பார்க்க வந்த மாமாவிடம் நலம் விசாரித்தவர், 'வண்டி எங்கே?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் மாமா வந்ததே தெரியாது என்பார். பேச்சு வருகிறது, பதிவு நடக்கவில்லை. மீண்டும் தொடர்ச்சியாக நினைவு பதியத் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டே காயத்தின் கடுமையை மதிப்பிடலாம் என்று நிறுவியவரும் ரஸல்தான். இன்றும் அது 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் லேசான காயம் என்ற பிரிவில் வைப்பதில்லை. ஆகவே வீட்டார், அவர் எப்போதிலிருந்து சீராக நினைவில் வைத்திருக்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால், அது எங்களுக்கு ஸ்கேன் படத்துக்கு அடுத்தபடியான சான்று.

பதியாத நிமிடங்களைத் தோண்டி எடுக்க முடியாது. 'நன்றாக யோசித்துப் பார்' என்று உறவினர் வற்புறுத்தினால், அவர் பிறர் சொன்னதையெல்லாம் கோத்துத் தாமே கண்டதாக நம்பத் தொடங்குவார். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் இது நேர்கிறது. காவல் நிலையத்திலும் இழப்பீட்டு வழக்கிலும் 'உனக்கே தெரியாதா?' என்ற கேள்வி எழும்போது, தெரியாது என்பதே நேர்மையான, மருத்துவம் ஏற்கும் விடை என்பதை இந்த வாய்ப்பில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி மனைவி சொன்ன மறதிக்கு வருவோம். ரஸலின் இளைஞர் வேலைக்குத் திரும்பியபின் வேலையைச் சரியாகவே செய்தார். அன்றைக்கு என்ன செய்தோம் என்பதைத்தான் நினைவில் வைக்க முடியாமல் திண்டாடினார். அதிர்ச்சியில் மூளை குலுங்கும்போது நெற்றிக்குப் பின்னும் கன்னப்பொட்டுக்கு உட்புறமும் உள்ள பகுதிகள் மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தில் உராய்கின்றன. நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. சி.டி. ஸ்கேனில் இந்த இழுபாடு பெரும்பாலும் தெரியாது. இதனால் முதலில் தளர்வது கவனம். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்க்கவோ, சத்தத்தின் நடுவே சொன்னதைப் பிடித்துக்கொள்ளவோ இயலாமல் போகிறது. கவனத்தில் ஏறாதது நினைவில் நிற்பதெப்படி? தூக்கமின்மையும் தலைவலியும் மனச்சோர்வும் சேர்ந்தால் மறதி இரட்டிப்பாகிறது. வீட்டில் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு கடிந்துகொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லேசான மூளை அதிர்வு கண்டவர்களில் பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதங்களில் சரியாகிவிடுகிறது. முதல் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும். அதற்கு மேல் இருட்டறையில் படுத்துக்கிடக்கத் தேவையில்லை. நடை, பிறகு சிறு வேலை, பிறகு அரை நாள் அலுவலகம் என்று படிப்படியாகக் கூட்டிக்கொள்வதே நல்லது. சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு, கைபேசியில் அலாரம், ஒரு நேரத்தில் ஒரே வேலை என்பவை ஞாபகசக்திக்கென்று விற்கும் மாத்திரைகளைவிடப் பயனுள்ளவை. மதுவும், தலை தெளியும் முன் வண்டி ஓட்டுவதும் கூடவே கூடாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. குறைந்துவர வேண்டிய மறதி, நாளுக்கு நாள் கூடினால் அது வேறு சங்கதி. குறிப்பாக, அறுபதைத் தாண்டியவர்கள், இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டாலும், மூளை உறைக்கு அடியில் இரத்தம் மெல்லக் கசிந்து, மூன்று நான்கு வாரம் கழித்துத் தடுமாற்றமும் தூக்கக் கலக்கமும் குழப்பமுமாக வெளிப்படலாம். வயதாகிவிட்டது, மறதி வராமல் என்ன செய்யும் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அன்றே மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், சிறிய அறுவை சிகிச்சையில் அந்த இரத்தத்தை வடித்து, அவரைப் பழையபடி எழுப்பி உட்காரவைக்கப் பல நேரங்களில் எங்களால் முடியும்.

வணக்கம்.