அந்த நாலாவது வரி

வணக்கம், நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் அதிகம் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இந்த மூன்று வாரமாக வேறு பேச்சே இல்லை. ஓடைக்கரையை ஒட்டிய வெளியில் ஒரு கால்பந்து கிளப் பயிற்சி மைதானம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறது. வேலியோரத்தில் அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். மூன்று ஆடுகளம், இரவு விளக்குகள், உடை மாற்றும் கட்டடம், பேருந்து நிறுத்த இடம். பலகை வந்த மறுநாளே தெருவில் ஆட்சேபனை மனு சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்கும் வந்தது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று அக்கம்பக்கத்தார் கேட்டபடியே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த மைதானம் அந்த இடத்தில் வரக்கூடாது என்பதுதான் என் கருத்தும்.

கால்பந்து பிடிக்காத ஆள் பேசுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். 1928இல் தொடங்கிய எங்கள் மேனிங் ரேஞ்சர்ஸ் அணி, 1996-97இல் நடந்த தென்னாப்பிரிக்காவின் முதல் பிரீமியர் லீக் பட்டத்தை வென்ற பருவத்தில், சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை கத்தியவன் நான். பெரிய பெரிய கிளப்புகள் எல்லாம் பின்னால் நிற்க, எங்கள் ஊர் அணி கோப்பையைத் தூக்கியது. எங்கள் அப்பா கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர். நிறப் பாகுபாட்டுக்காக ஃபிஃபா இந்த நாட்டை 1961இல் இடைநீக்கம் செய்து, 1976இல் வெளியேற்றி, 1992இல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அப்பாவுடைய தலைமுறையில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் நாட்டுக்காக ஆடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் ஒரு பயிற்சி மைதானம் வருகிறது என்றால் என் மனம் முதலில் சந்தோஷப்படத்தான் செய்யும்.

ஆனால் இடம் தப்பு.

எங்கள் ஊரின் அமைப்பைப் பாருங்கள். வடக்கே உம்லத்துசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு. நடுவில் முழுக்க மேடும் பள்ளமும். வீடுகள் சரிவில் படிப்படியாக உட்கார்ந்திருக்கின்றன. சமதரை என்று ஏதாவது இருந்தால் அது தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர்தான் அதைச் சமமாக்கியது. கால்பந்துக்குச் சமதரை வேண்டும். அதனால் எந்தக் கிளப் இடம் தேடி வந்தாலும் கால் நேராக ஓடைக்கரைக்குத்தான் போகும். வரைபடத்தில் அந்த வெளிக்குக் 'காலி நிலம்' என்று பெயர். மழைக்காலத்தில் வந்து பார்த்தால் அது காலியாக இருக்காது. நாணலும் சேறுமாகத் தண்ணீரைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிறவர்கள் குளித்துக் கிளம்புவதும் அந்தக் கரையிலிருந்துதான்.

இதை நான் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். சர்வதேச அளவில் ஓர் ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதாவது 7140 சதுர மீட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையில் ஓர் ஆடுகளத்தின் மேல் விழும் தண்ணீர் மட்டும் 21 லட்சம் லிட்டருக்கு மேல். மூன்று ஆடுகளத்துக்கு 64 லட்சம். 'மைதானம் இல்லாவிட்டாலும் அந்த மழை அங்கேதானே விழும்?' என்று கிளப் தரப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விழும். ஆனால் நல்ல ஆடுகளம் என்றால் மழை நின்றதும் ஆட வேண்டுமே, அதற்காக மண்ணை இறுக்கி, அடியில் குழாய் போட்டு, தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றுவார்கள். அந்த வெளி இப்போது ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைக்கும் தண்ணீர் சில மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். ஓடைக்குக் கீழே இருப்பது எங்கள் தெருவின் கடைசி வரிசை வீடுகள்.

2022இல் அந்த மழையில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்களில் பலர் வீட்டிலும் அந்தத் துக்கம் இருக்கும். நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வாழும் நம் இந்திய ஜனங்களுக்கு இது புதிதும் இல்லை. 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது, ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த நம் குடும்பங்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டன. மாரிமுத்து படவாட்டன் என்ற மீனவரும் அவரோடு ஐந்து பேரும் படகை இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். இங்கே சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு பேரோடு இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஏழை ஜனங்கள் ஆற்றின் இடத்தில் குடியிருந்தார்கள், வேறு இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு களத்தில் செயற்கைப் புல் போடப்போவதாகவும் சொல்கிறார்கள். அதன் இழைகளுக்கு நடுவே நிரப்பும் ரப்பர்த் துகள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுப்பது. மழையிலும் ஆட்டக்காரர்களின் பூட்ஸிலும் அது வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்து, மாறிக்கொள்ள எட்டு வருடம் அவகாசம் கொடுத்தது. அங்கே விற்க முடியாமல் போகிற சரக்கு எங்கள் ஓடைக்கரைக்கு வர வேண்டுமா?

விளக்கு, போக்குவரத்து இரண்டும் சாதாரணப் பிரச்சினைகள். நிபந்தனை போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். தண்ணீர் அப்படி இல்லை.

சரி, இவ்வளவு காரணம் வைத்துக்கொண்டு ஏன் கையெழுத்துப் போடவில்லை?

மனுவில் முதல் மூன்று வரி நன்றாகத்தான் இருந்தது. வெள்ளம், விளக்கு, பாதை. நாலாவது வரி இப்படி: 'வெளியாட்கள் நம் பகுதிக்குள் வந்து போவார்கள், பாதுகாப்பு கெடும், வீட்டு விலை இறங்கும்.' கொண்டுவந்த தம்பியிடம் யார் வெளியாட்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, 'உங்களுக்குத் தெரியாதா சார்?' என்றார். தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து பந்தாட வரப்போகிற பையன்கள்.

நேயர்களே, இந்த வரியை நான் முன்பே படித்திருக்கிறேன். அப்போது அது நம்மைப் பற்றி எழுதப்பட்டிருந்தது. 1940இல் 'இந்தியர் ஊடுருவல்' பற்றி விசாரிக்க என்றே அரசாங்கம் புரூம் கமிஷனை நியமித்தது. ஊடுருவல் என்றால் என்ன? வெள்ளைக்காரர் தெருவில் ஓர் இந்தியர் காசு கொடுத்து வீடு வாங்குவது. அவ்வளவுதான். 1943இல் அதைத் தடுக்க ஒரு சட்டம். 1946இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. அதை எதிர்த்து நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர் போன்றவர்கள் தலைமையில், டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சேரும் முனையில் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போனார்கள். அப்புறம் 1950இல், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப்பகுதிச் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் எங்கள் தாத்தா கொத்தமல்லியும் வாழையும் போட்டிருந்த தோட்டம் போனது. 1960களில் லாரியில் சாமான் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பாதுகாப்பு, வீட்டு விலை, வெளியாட்கள். அன்றைக்கும் காரணம் இதே மூன்றுதான். எங்கள் ஆயா அந்தத் தோட்டத்தின் பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

அந்த வரிக்குக் கீழே நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அடித்துவிடுங்கள், உடனே போடுகிறேன் என்றேன். இன்னும் அடிக்கவில்லை.

அதனால் நானே தனியாக ஒரு கடிதம் எழுதினேன். தாத்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று கேட்டாக வேண்டும் என்பது சட்டம். 2013ஆம் ஆண்டின் நிலத் திட்டமிடல் சட்டம் 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இப்படிப்பட்ட விண்ணப்பங்களை நகராட்சியின் திட்டமிடல் தீர்ப்பாயம் விசாரிக்கும். பாதிக்கப்படுகிறவர்கள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். முடிவு பிடிக்காவிட்டால், அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பலகையின் அடியில் கடைசித் தேதி இருக்கிறது. அதை மட்டும் ஒருமுறை நின்று படியுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆயிரம் பேர் ஒரே வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போட்டாலும் காரணம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் எழுதுங்கள். பெயர், முகவரி, எந்த வருடம், தண்ணீர் எதுவரை வந்தது, புகைப்படம் இருந்தால் அதுவும். என் கடிதத்தில் தண்ணீர்க் கணக்கை வைத்திருக்கிறேன். வெள்ளம் எட்டாத மேட்டில், இருக்கிற மைதானங்களில் ஒன்றைச் சீர்செய்து கிளப்புக்குக் கொடுக்கலாமே என்றும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கொடுத்தால், சனிக்கிழமை காலையில் களத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உம்லாசிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து என்பதையும் நிபந்தனையாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி வரிசையில் ஒரு பாட்டி இருக்கிறார்கள். எண்பது தாண்டியவர்கள். ஆங்கிலத்தில் எழுத வராது. போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'நான் சொல்றேன், நீ எழுது தம்பி' என்றார்கள். தமிழில் சொன்னார்கள். 2022இல் தண்ணீர் முதலில் பின்வாசலில் வந்தது, அடுப்படியில் முழங்கால் அளவு நின்றது, மாரியம்மன் படத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு விடியும்வரை மேசைமேல் உட்கார்ந்திருந்தேன். சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது, வந்து அளந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. டேப் வைத்து நானே அளந்தேன், 52 சென்டிமீட்டர். அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதி, கீழே அவர்கள் தமிழில் போட்ட கையெழுத்தோடு செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.