ஸ்பயன் கொப்: போர்க்களத்துப் பேர் கால்பந்து கேலரிக்கு வந்த கதை

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள் 'கொப்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஒரு பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற கேலரியின் பேர் அது. அங்கே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற ரசிகருக்குக் 'கொப்பைட்' என்று பட்டம். இவ்வளவு உரிமையோடு ஆங்கிலேயர் புழங்குகிற இந்தப் பேர் தென்னாப்பிரிக்காவிலிருந்து போனது.

முழுப் பேர் ஸ்பயன் கொப். நேட்டாலில் லேடிஸ்மித் ஊருக்கு மேற்கே, துகேலா ஆற்றுக்கு வடகரையில் நிற்கும் குன்று. டச்சு வழிவந்த போயர்கள் 1830-களில் மாட்டு வண்டிகளோடு நேட்டாலுக்குள் வந்தபோது, எதிரே விரியும் நிலத்தை இந்த உச்சியில் ஏறித்தான் பார்த்தார்கள் என்று பேருக்குக் காரணம் சொல்வார்கள். கொப் என்றால் அவர்கள் மொழியில் தலை. குன்றுக்கும் அதே சொல். முன்னால் இருக்கும் ஸ்பயன், வேவுகாரன்.

ஆனால் 1900 ஜனவரியில் வேவு பார்க்காமல் ஏறியதுதான் பிரிட்டிஷ் படையைக் கவிழ்த்தது. பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில், பிரிட்டிஷார் கையில் இருந்த லேடிஸ்மித்தைப் போயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். அதை மீட்க வந்த ஜெனரல் புல்லரின் படையில் ஒரு பகுதி, ஜனவரி 23 இரவு இருட்டில் குன்றின் மேல் ஏறியது. உச்சியில் இருந்த சிறு காவலை விரட்டிவிட்டு, பனிமூட்டத்தில் பதுங்குகுழி தோண்டினார்கள். பாறை நிலம், கருவிகளும் போதாது. குழி ஆழமாகப் போகவில்லை. காலையில் பனி விலகிய பிறகுதான் தெரிந்தது: குழி வெட்டிய இடம் சரியான விளிம்பே இல்லை, சுற்றியுள்ள மேடுகளிலிருந்து போயர்கள் நேராகச் சுடலாம். அன்று முழுக்கச் சுட்டார்கள். பீரங்கியும் சேர்ந்துகொண்டது. இதில் ஒரு விசித்திரம்: பொழுது சாய்ந்ததும் இரண்டு தரப்புமே தோற்றுவிட்டதாக நினைத்து இறங்கத் தொடங்கின. விடிந்ததும் திரும்ப ஏறிப் பார்த்த போயர்களுக்கு மலை சும்மா கிடைத்தது.

போயர்களை நடத்திய லூயி போத்தா பின்னாளில் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமர். செய்தியாளராகவும் படையாளாகவும் மலைக்கு மேலும் கீழும் அலைந்தவர் சர்ச்சில். வினாடி வினாக்காரர்களுக்குப் பிடித்த விஷயம் மூன்றாவது ஆள்: காயம்பட்டவர்களைச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையின் காந்தி. எனக்கென்னவோ காந்தியை விட அவர் பின்னால் நடந்தவர்கள் மேல்தான் கண் போகிறது. சுமார் 1,100 பேரில் முந்நூறு பேர் போக மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1860-ல் முதல் கூலிக் கப்பல் டர்பனுக்குப் புறப்பட்டது சென்னையிலிருந்துதான். ஆகவே தூக்குப்படுக்கையைச் சுமந்த தோள்களில் தமிழ்த் தோள்களும் இருந்திருக்கும். நாளுக்கு 20, 25 மைல் சுமந்து நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார்.

சரி, கால்பந்துக்கு எப்படி வந்தது? மலையில் மாண்டவர்களில் பலர் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். லிவர்பூல் அன்று அந்த மாவட்டத்து ஊர். 1906-ல் லீக் பட்டம் வென்ற கையோடு ஆன்ஃபீல்டில் ரசிகர்கள் நின்று பார்க்கச் செங்குத்தான மேடு ஒன்று எழுப்பினார்கள். அதற்கு ஸ்பயன் கொப் என்ற பேரை முன்வைத்தவர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் என்ற உள்ளூர் விளையாட்டுப் பத்திரிகையாளர். அதற்கு முன்பே, 1904-ல், லண்டனில் அன்றைய ஆர்சனல் மைதானத்து மண்மேட்டில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தை ஒரு செய்தியாளர் இந்த மலையோடு ஒப்பிட்டதாகச் சொல்வதுண்டு. பேர் நிலைத்தது என்னவோ லிவர்பூலில்தான். டிரஃபால்கர், வாட்டர்லூ என்று வெற்றிக்குப் பேர் வைத்துப் பழகியவர்கள் இங்கே ஒரு தோல்வியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் செத்த இடம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பேர் தானாக நடக்க ஆரம்பித்தது. ஷெஃபீல்டின் இரண்டு மைதானங்களிலும், லீட்ஸ், பர்மிங்ஹாம், லெஸ்டர் ஊர்களிலும் கொப்கள் முளைத்தன. நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு குக்கிராமத்துக்கே ஸ்பயன் கொப் என்று பேர். பேச்சில் 'ஸ்பயன்' உதிர்ந்து 'கொப்' மட்டும் மிஞ்சியது. இப்போது ஆங்கில அகராதிகளில் ஊர்ப்பேராக மட்டுமல்ல, கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள கேலரிக்குப் பொதுச்சொல்லாகவும் இது இருக்கிறது. ஆன்ஃபீல்டில் நின்று பார்க்கும் கொப் 1994-ல் இடிக்கப்பட்டு நாற்காலிகள் வந்தன. பேரை யாரும் தொடவில்லை.

உச்சரிப்பில் ஒரு குறிப்பு. 'ஸ்பயன்' என்பது ஆங்கிலேயர் வாய். அவர்கள் எழுதும் எழுத்துக்கூட்டு பழைய டச்சு வடிவம். ஆப்பிரிக்கான்ஸில் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக, 'ஸ்பியூன்கொப்' என்பார்கள். மலையடிவாரத்தில் துகேலாவின் குறுக்கே இருக்கும் அணைக்கும் அந்த வடிவம்தான். தென்னாப்பிரிக்க வரைபடத்தில் தேடுகிறவர்கள் அப்படித் தேடினால் சட்டென்று கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.