ரப்பர் மரம் அழுவதில்லை

வணக்கம் நேயர்களே. நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பசியாறிக்கொண்டே கேட்பவர்களுக்கும், அடுப்படியில் நின்றபடி கேட்பவர்களுக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகள் எழுதும் கவிதையில் ரப்பர் மரம் வந்தால், அது அழும். கட்டாயம் வெள்ளைக் கண்ணீர் வடிக்கும். எழுதியவர் தோட்டத்து வீட்டுப் பேரப்பிள்ளைதான். ஆனால் கண் தெரிந்த நாளாய்ச் சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, பால் வெட்டும் உளியைத் தொட்டதில்லை. தொட்டிருந்தால் கண்ணீர் நினைவுக்கு வந்திருக்காது. கொசு வந்திருக்கும்.

புது அனுபவம் தேடுங்கள் என்றால் லங்காவித் தீவுக்கு டிக்கெட் போடச் சொல்லவில்லை. கைக்குப் பழக்கமில்லாத ஒரு வேலையை ஒரே ஒரு காலை செய்து பாருங்கள். பால் வெட்டையே, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதையே, எடுத்துக்கொள்வோமே. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கேளுங்கள். நல்ல மரத்தைப் பழகத் தரமாட்டார், தரவும் கூடாது. மறுநடவுக்கு விழப்போகும் கிழட்டு மரமாகக் கேளுங்கள். விடியுமுன் நிரைக்குள், மர வரிசைக்குள், நிற்க வேண்டும். குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதல். வெயில் ஏறி இலை நீரை விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். பட்டை மழையில் நனைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும், பால் பிடிக்கும் மங்குக்கு வராது.

முதலில், கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுங்கள். நாடா மாதிரி உரிந்து வரும். அந்த வாடை சோப்புப் போட்டாலும் லேசில் விரலை விடாது. பிறகு உளி. கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகை சரியும். சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போதும். ஆழத்தில்தான் வம்பு. கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே உளி நிற்க வேண்டும். பால்குழாய்கள் கட்டைப் பக்கமாகத்தான் நெருங்கிக் கிடக்கின்றன. பயந்து மேலாகச் சீவினால் பால் வராது. அழுத்தினால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் உளி ஓடாது. நம் பாட்டிமார் இந்த ஒரு மில்லிமீட்டரை அரை இருட்டில், மரத்துக்கு மரம், கையாலேயே அளந்தார்கள். உட்கார்ந்து யோசித்தால் இது கிடைக்காது, நேயர்களே.

கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். படம் பிடித்ததும் கண் பார்ப்பதை விட்டுவிடும். வீடு திரும்பியதும், குளிக்கும் முன், விரலில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே பத்து வரி எழுதுங்கள். ஏக்கம், சோகம் என்று வந்தால் அடித்துவிடுங்கள். வாடை, சத்தம், எடை மட்டும் போதும். வாளி தோளில் எந்த இடத்தில் வலித்தது? பால் வடியும் தகட்டை வெட்டுகிறவர் பீலி என்றால் பீலி, வாளி தூக்கும் தோள்கம்பைக் காண்டா என்றால் காண்டா. அகராதி பார்த்துத் திருத்தவேண்டாம். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினால், நாளைக்கு மிஞ்சுவது மறுபடி அந்த வெள்ளைக் கண்ணீர்தான்.

எழுதாதவர்களும் போகலாம். தாத்தா எட்டு மணிக்கே ஏன் படுத்தார், மழை இருட்டினால் பாட்டி ஏன் முகம் சுருங்கினார் என்பது அன்றைக்குப் புரியும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை.

இன்னும் இரண்டு வேலைகள் குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாக: பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், இதுவரை சமைத்திராத கீரை ஒரு கட்டு வாங்கி, விற்கும் மாக்சிக்கிடமே, அந்த மலாய் அம்மாவிடமே, பக்குவம் கேளுங்கள். அப்புறம், பக்கத்து ஊர் கோலகங்சாருக்கு ஒரு நடை. 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. உளி கொண்டுபோகாதீர்கள், வேலி போட்டிருக்கிறார்கள். வணக்கம்.