பழைய பனியனிலிருந்து பங்குச்சந்தை ஆவணம் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடைத் தொழிலுக்குப் படிக்கலாமா, ஜவுளிக்கடை வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கானது இந்த உரை. எந்தக் கல்லூரி என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். செலவே இல்லாமல் கற்கக்கூடியது நிறைய இருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும், பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய டி-சர்ட் ஒன்றை எடுத்து உட்புறம் திருப்புங்கள். திருப்பூர்த் தெருக்களில் ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ என்று பலகை தொங்கும். அந்த மூன்று மெஷினின் வேலையும் உங்கள் கையில் இருக்கிறது. பக்கவாட்டிலும் தோளிலும் துணியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே பின்னிச் சேர்த்திருப்பது ஓவர்லாக். அடி மடிப்பில் வெளியே இரட்டை வரியும் உள்ளே வலைபோன்ற பின்னலும் தெரிந்தால் அது பேட்லாக். லேபிளை நேர்த்தையலில் பிடித்திருப்பது சிங்கர். தையலைப் பிரித்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினால் முன்பாகம், பின்பாகம், இரண்டு கை, கழுத்துப் பட்டி என்று பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான வடிவ அளவு, கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது எடை. பிரித்த துணியில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, கிராமில் தசமம் காட்டும் சிறு தராசில் வையுங்கள். 1.8 கிராம் வந்தால் நூறால் பெருக்க வேண்டும், 180 ஜி.எஸ்.எம். சதுர மீட்டருக்கு 180 கிராம் என்று பொருள். ஆய்வகத்தில் இதற்கென்றே வட்டமாக வெட்டும் கருவி உண்டு, அதன் பரப்பும் அதே நூறு சதுர சென்டிமீட்டர்தான். வீட்டில் தவறு வருவது இரண்டு இடங்களில். துணியை இழுத்துப் பிடித்து வெட்டினால் எடை குறைத்துக் காட்டும். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் மழைநாளில் கூடுதலாகக் காட்டும். ஆய்வகங்கள் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் துணியை வைத்திருந்துவிட்டுத்தான் எடை போடுகின்றன.

இந்த எண்ணை வைத்து ஒரு டி-சர்ட்டுக்கு எவ்வளவு துணி என்று கணக்கிடலாம். உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பின் குறுக்களவு 54, தையலுக்கு 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னுமாக இரண்டால் பெருக்கி, 180 ஜி.எஸ்.எம்.மால் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் சுமார் 217 கிராம். வெட்டுக் கழிவு பத்து சதவீதம் சேர்த்தால் 239 கிராம். ஒரு கிலோ துணியில் நான்கு உருப்படிக்குக் கொஞ்சம் மேல். ஆர்டர் 180-க்கு இருக்க, துணி 190 ஜி.எஸ்.எம். ஆகி வந்துவிட்டால்? ஓர் உருப்படிக்கு 13 கிராம் ஏறும். பத்தாயிரம் உருப்படிக்கு 130 கிலோவுக்கு மேல் துணி கூடுதலாகப் போகும். துணியைக் கிலோ கணக்கில் வாங்கி, ஆடையை எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் தொழில் இது. பனியன் கம்பெனியில் லாபம் கரைவது பல நேரம் இந்தப் பத்து ஜி.எஸ்.எம்.மில்தான்.

துவைத்தபின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்த பனியனைப் பார்த்திருப்பீர்கள். தைத்தவர்மேல் பழி போடுவோம். பெரும்பாலும் காரணம் நூலிலும், அதை வளையம் வளையமாகக் கோத்துத் துணியாக்கும் நிட்டிங்கிலும் இருக்கிறது. நூலின் முறுக்கு முழுதாக அடங்காமல் இருந்தால், வளையங்கள் ஒரு பக்கமாகச் சாயும். வட்டநிட்டிங் மெஷினில் ஒரே சுற்றில் பல நூல்கள் ஓடுவதால் வரிகள் இயல்பாகவே சரிவாக ஏறும். ஃபினிஷிங்கில் துணியை நேராக்கி அனுப்பிவிடுவார்கள், முதல் துவைப்பில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடைக்காரர் மொத்தச் சரக்கு எடுக்குமுன் ஒரே ஓர் உருப்படியை மூன்று முறை துவைத்து, நீளமும் அகலமும் எவ்வளவு சுருங்கின, தையல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் போதும். இதைச் செய்கிற கடைக்காரர்கள் குறைவு.

இனி விற்பனைப் பக்கம். 300 ரூபாய்க்கு வாங்கி 450-க்கு விற்கிறோம், வரியைத் தள்ளிவைத்துப் பார்ப்போம். “ஐம்பது சதவீதம் லாபம், ஆடித் தள்ளுபடியில் நாற்பது கொடுத்தாலும் பத்து நிற்கும்” என்று கணக்குப் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 450-இல் நாற்பது சதவீதம் போனால் 270. முதலிலேயே 30 ரூபாய் நஷ்டம். ஐம்பது சதவீதம் வாங்கிய விலைமீது போட்டது, தள்ளுபடி விற்கும் விலைமீது போவது. விற்பனை விலைமீது பார்த்தால் லாபம் 33 சதவீதம்தான், வாடகையும் சம்பளமும் அதற்குள் அடங்க வேண்டும். போதாததற்கு, அட்டையில் அச்சிட்ட விலை ஜி.எஸ்.டி. சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் ஆடை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. எல்லை விலைக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டுச் சட்டைக்கோ லெஹங்காவுக்கோ விலை வைக்கும்போது இதை மறந்தால் கை சுடும்.

சில்லறை வணிகத்துக்குக் காசில்லாத நல்ல பாடம் எங்கே என்று கேட்டால், பங்குச்சந்தைக்கு வரும் கம்பெனிகள் வெளியிடும் வெளியீட்டு ஆவணம் என்பேன். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். லெக்கிங்ஸ் விற்கும் சென்னைக் கம்பெனியான கோ ஃபேஷன் 2021-இலும், காஞ்சிபுரம் வரமகாலட்சுமி சில்க்ஸ் கடைகளை நடத்தும் சாய் சில்க்ஸ் 2023-இலும் சந்தைக்கு வந்தன. இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். அபாயங்களைச் சொல்லும் பகுதி, தொழிலை விவரிக்கும் பகுதி இரண்டும் போதும். விளம்பரத்தில் சொல்லாததை அபாயப் பகுதியில் சொல்லியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

படிக்கும்போது இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, சரக்கு எத்தனை நாள் கடையில் தங்குகிறது. கையிருப்பின் மதிப்பை, ஆண்டில் விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் வந்துவிடும். மற்றொன்று, பழைய கடைகளின் விற்பனை மட்டும் எவ்வளவு வளர்ந்தது. மொத்த விற்பனை 20 சதவீதம் கூடியிருக்கிறது, கடைகளோ 25 சதவீதம் கூடியிருக்கின்றன என்றால், சராசரிக் கடையின் விற்பனை 4 சதவீதம் குறைந்திருக்கிறது. வெஸ்ட்சைடும் சூடியோவும் நடத்தும் டிரெண்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இதே பயிற்சியைச் செய்யலாம்.

ஏற்றுமதிப் பக்கம் போக விரும்புகிறவர்கள் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுப் பக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரக்கு வகைக்கும் அதில் ஓர் எண் உண்டு. பின்னலாடைக்கு அத்தியாயம் 61, நெய்த துணி ஆடைக்கு 62. டி-சர்ட் 6109. நாடுவாரியாக மதிப்பு வரும். எட்டு இலக்க எண் கொடுத்தால் எண்ணிக்கையும் வரும், மதிப்பை அதனால் வகுத்தால் ஓர் உருப்படியின் சராசரி விலை. எண்ணிக்கை ஏறி விலை இறங்கினால் மலிவுச் சரக்கு அதிகம் போகிறது என்று ஊகிக்கலாம்.

“வீட்டிலிருந்தே துணி விற்று லட்சம் சம்பாதிக்கலாம்” வகை வீடியோக்கள் பலவும் வீடியோ போடுபவரின் சரக்கை உங்கள் தலையில் கட்டத்தான். அந்த நேரத்தில் ஈரோட்டு வாரச் சந்தைக்கோ திருப்பூர் காதர்பேட்டைக்கோ போய், ஒரே ரகத்துக்கு நான்கு கடையில் விலை கேட்டுக் குறித்து வாருங்கள். சில்லறைக்கு என்ன, கட்டாக எடுத்தால் என்ன, கட்டில் எந்த சைஸ் எத்தனை, விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எம், எல் தீர்ந்து எஸ் மட்டும் மிஞ்சுவதுதான் புதுக் கடையின் முதல் தலைவலி.

இப்போது கல்லூரி. துணி நுட்பத்துக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மெஷின் வேலையும் தரப் பரிசோதனையும் மட்டும் போதும் என்றால் ஏ.டி.டி.சி. என்ற ஆடைத் தொழில் பயிற்சி மையங்களின் குறுகிய காலப் படிப்புகள். சென்னை தரமணியில் நிஃப்ட் எனும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம். படம் வரைகிறவர்களுக்கு மட்டும்தான் நிஃப்ட் என்ற எண்ணம் தவறு, உற்பத்தித் தொழில்நுட்பமும், பட்டதாரிகளுக்கு நிர்வாகப் படிப்பும் உண்டு. தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டுமுன் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.எம். பார்க்கத் துணியை வெட்டும் கருவி, கணினியில் பேட்டர்ன் போடும் மென்பொருள், பயிற்சிக்கு அனுப்பும் கம்பெனியின் கடிதம், இம்மூன்றையும் கண்ணால் பாருங்கள்.

நிஃப்ட் நுழைவுத் தேர்வு வழக்கமாக ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும், விண்ணப்பம் அதற்கும் முன்னால். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வருடம் கை நழுவிவிடும். வணக்கம்.