வாங்க ஆள் இருந்தால்தான் விதைக்க ஆள் இருக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

மண்ணையும் மக்களையும் காக்கும் உணவு மாற்றம் தொடங்க வேண்டியது வீட்டு அடுப்படியிலா, அரசின் கொள்முதலிலா என்பது இன்றைய தலைப்பு. நான் கொள்முதல் அணியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு வீட்டிலும் சாமையும் தினையும் பொங்கினால் போதும், உழவர் தானாக அதை விதைப்பார், நிலத்தடி நீரும் மிஞ்சும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஊரில் கணக்கு அப்படி நடக்கவில்லை.

என் அத்தை வீடு தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம். மானாவாரி நிலம், மூன்று ஏக்கர். நான் சின்னப் பையனாக விடுமுறைக்குப் போகும்போது அங்கே ராத்திரிச் சாப்பாடு ராகிக் களிதான். அத்தை பானையைக் கீழே இறக்கி வைத்து, கவைக் கம்பை மிதித்து அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டுவார். நெற்றி வியர்வை கன்னத்தில் இறங்கும். அப்புறம் கையைத் தண்ணீரில் நனைத்து, ஆவி பறக்கப் பறக்க உருண்டை பிடித்து வைப்பார். தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு.

அந்த வீட்டில் களி நின்றுபோனது. நாக்கு மறந்தா போனது? இல்லை. மாமா ஒரு வருஷம் ஏழு மூட்டை ராகியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து, கல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது என்று கழித்துக் கழித்து, வண்டி வாடகை போக மிஞ்சாத விலையைச் சொன்னார். மறு வருஷம் அந்த நிலத்தில் மரவள்ளி நட்டார்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கிழங்குக்கு லாரியை வயலுக்கே அனுப்பினார்கள், கையில் பணம் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. நிலம் முதலில் மாறியது, அடுப்படி பின்னாலேயே மாறியது. கொல்லிமலைக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிய கதை இதேதான்.

சரி, நெல்லுச் சோறு நம் எல்லார் வீட்டுக்கும் தினசரிச் சோறாக வந்தது எப்படி? என் பாட்டி காலத்தில் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். தாய்மார்கள் கூடி முடிவெடுத்தா மாற்றினார்கள்? தானியத்தை அரசுக்காக வாங்கிச் சேர்த்து வைக்கும் இந்திய உணவுக் கழகம் 1965-இல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த ஊர் நம் தஞ்சாவூர். அதன் பிறகு குட்டை ரக நெல், உரம், பம்புசெட்டுக்கு மின்சாரம், அறுத்ததும் எடுத்துக்கொள்ளக் கொள்முதல் நிலையம், ஊர்தோறும் ரேஷன் கடை. விதையிலிருந்து தட்டு வரைக்கும் அரசே ஒரு பாதை போட்டது. பசியைப் போக்கிய பாதை அது. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு பாதையை ராகிக்கும் சாமைக்கும் ஏன் போடவில்லை என்றுதான் கேட்கிறேன்.

டெல்டாவின் களிமண்ணில் நெல்தான் விளைய வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு மேட்டு நிலத்தில் நெல் நடுகிறோமே, அதைச் சொல்கிறேன். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது அரிசி ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு. தேங்கி நிற்கும் வயல் நீரிலிருந்து மீத்தேன் வேறு கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிறது. ராகி பெய்கிற மழையிலேயே விளைந்துவிடும்.

காகிதத்தில் விலை இருக்கிறது. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். ராகிக்கு 4,886 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் மூட்டையை இறக்க ஊரில் ஒரு நிலையம் இல்லை என்றால் அந்த எண்ணை வைத்து உழவர் என்ன செய்வார்? சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்குத் தனியாக ஓர் ஆதரவு விலைகூட மத்திய அரசு அறிவிப்பதில்லை. அவற்றுக்கு உமி நீக்கும் வேலை வேறு. பக்கத்தில் மில் இல்லாத மலைக்கிராமத்தில் அது பெண்கள் உரலில் குத்தும் வேலை. காட்டு வேலை முடித்து வந்த பெண்ணைப் பார்த்து, இன்னும் இரண்டு மணி நேரம் உலக்கை பிடி, பூமி பிழைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சகோதரி சொன்ன சாமை நகரத்துக் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், நல்லது. ஆனால் நாள்கூலி வாங்கும் குடும்பம் கையில் வரும் இலவச அரிசியை விட்டுவிட்டு அதை வாங்கவில்லை என்றால், குற்றம் அந்தத் தாயினுடையதா?

ஒடிசாவைப் பாருங்கள். 2017-இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, பழங்குடி உழவரிடம் ராகியை அரசே வாங்கியது. அது ரேஷன் கடைக்குப் போனது, அங்கன்வாடிப் பிள்ளைகள் கையில் லட்டாகவும் போனது. இங்கேயும் 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். சமைக்கப் பழக வேண்டும் என்று எதிரணி சொல்வது உண்மைதான். பழகப் பொருள் கைக்கு வர வேண்டுமே!

தருமபுரி மாவட்டத்தில் ராகிக்கு நேரடிக் கொள்முதல் நிலையமும் திறந்தார்கள். அந்த வருஷம் என் அத்தை அரை ஏக்கரில் மட்டும் ராகி போட்டிருந்தார். "மீதி இரண்டரை ஏக்கரிலும் போடலாமே அத்தை?" என்று கேட்டேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷமும் எடுப்பாங்களாடா?" என்றார்.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியை உங்கள் முன்னால் வைத்துவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.