வெருளிக்கு ஒரு வரவு

மட்டக்களப்பில் சிறுவர் அரங்கு பழக்கும் ஆசிரியர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்

அவையோருக்கு வணக்கம்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்தில் காவலுக்கு நட்ட பொம்மையான வெருளியைப் பாடிய பாட்டு, இலங்கையில் தமிழ் படித்த பலருக்கு இன்னும் மனப்பாடம். அசையாத பொம்மையைக் காவல் வீரனாக்கிப் பேசுவதுதான் அதிலுள்ள பகிடி. அதை மேடையேற்றும்போது நடக்கிற முதல் பிழை, வெருளியை ஆட விடுவது. ஆடினால் பகிடி செத்தது.

அதற்கேற்ற வழி நம் கூத்திலேயே கிடக்கிறது. கட்டியகாரன் கூவ, மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் முழங்க, வடமோடி என்ற கூத்துவகையில் ராசா வட்டமான ஆடுகளமாகிய களரியைச் சுற்றி ஆடி வருவாரே, அந்த வரவு. அதே ஆரவாரத்தோடு வெருளியை அழையுங்கள். வெருளியாக நிற்கும் நடிகரை இரண்டு பேர் தூக்கிவந்து நடுக்களரியில் நட்டுவிட்டுப் போகட்டும். மத்தளம் நின்றபின் நாலு எண்ணும்வரை ஒரு சத்தமும் கூடாது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் கிளம்பும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் அவசரப்பட்டு அடுத்த அடியை எடுத்தால் போச்சு.

பதிவு செய்த இசையை இதற்கு வைக்கவே வேண்டாம். சபைக்குப் பாட்டுத் தெரியும், கூடவே பாடும். கூட்டம் பாடினால் வேகம் இழுபடும். பதிவோ காத்திருக்காது, இரண்டாம் அடியிலேயே பிசகிவிடும். மத்தளக்காரர் இருந்தால் சபையின் வேகத்துக்கு இறங்கி, மெல்ல மேலே இழுத்து வருவார். பகிடி விழுகிற சொல்லுக்கு முன்னால் பிற்பாட்டுக்காரர் வாயை மூட வேண்டும். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் தாங்களே கத்துவார்கள்.

இனி வெருளியாக நிற்பவரின் பாடு. கையை விரித்தபடி மூன்று நிமிடம் நிற்பதே கடினம். தோள் நடுங்கத் தொடங்கும். மெல்லிய மூங்கிலைச் சட்டைக்குள், தோளுக்குப் பின்னால் குறுக்கே கட்டி, மணிக்கட்டை அதில் துணியால் தளர்வாகப் பிணையுங்கள். இறுக்கினால் கை மரத்துவிடும். வைக்கலைச் சட்டை முழுக்கத் திணிக்காதீர்கள். அரிப்பில் ஆள் நெளிவார். கைநுனியிலும் கழுத்திலும் தெரிந்தால் போதும்.

தலைக்கு மண்சட்டி வேண்டாம். பாரம், உடையும், குரலும் உள்ளேயே குமுறும். ஊதிய பலூனில் பத்திரிகைத் துண்டும் கோதுமை மாக் கூழுமாக நாலைந்து படை ஒட்டுங்கள். ஒவ்வொரு படையும் காய்ந்த பிறகே அடுத்தது. மார்கழி மழையில் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஆவணியிலேயே முடித்து வையுங்கள். கண்ணுக்கு மட்டுமல்ல, வாய்க்கும் தாராளமாக வெட்டிவிடுங்கள்.

ஒலிவாங்கியை மத்தளத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சொல்லை அது தின்றுவிடும். பாடசாலை மண்டபம் என்றால் கதிரைகளை ஒதுக்கி, பிள்ளைகளை நிலத்தில் வட்டமாக இருத்துங்கள். உயர்ந்த மேடையில் வெருளி வெறும் படமாகத்தான் தெரியும்.

சின்னதுகள் முகமூடிக்குப் பயந்து அழும். தொடங்குமுன் அவர்கள் கண்முன்னாலேயே நடிகர் தலையை மாட்டட்டும். முடிந்ததும் கழற்றுவதும் அங்கேயே.