உங்களை ஸ்டாப் ஷாட் அடிக்கச் சொல்கிறாரா? அவரிடம் தைரியமாகப் பூல் கற்றுக்கொள்ளலாம்!

வணக்கம் மக்களே! மேஜையில் க்யூ என்ற நீளக் கோலால் பந்துகளை அடித்துப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறீர்களா? அவர் நல்ல ஆசிரியரா என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் அடிக்கும்போது அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பந்து பாக்கெட்டில் விழுகிறதா என்று அதன் பின்னாலேயே போனால், எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது. உங்கள் முழங்கை, தலை, பின்கையின் பிடி, அடித்து முடித்ததும் க்யூ எங்கே போய் நிற்கிறது, இதையெல்லாம் பார்க்கிறாரா? அவரை விட்டுவிடாதீர்கள்.

[திரையில்: மூலைப் பாக்கெட்டுக்கு நேர்க்கோட்டில் இரண்டு பந்துகள், நடுவில் இரண்டடி இடைவெளி]

நல்ல ஆசிரியர் பலரும் முதலில் வைப்பது இந்த நேர் ஷாட்தான். க்யூவால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் மற்றப் பந்தைப் பாக்கெட்டில் போட வேண்டும், வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இதுதான் ஸ்டாப் ஷாட். பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் உங்கள் ஆட்டத்தின் குறை முழுவதையும் இது வெளியே கொண்டுவந்துவிடும். வெள்ளை நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிறதா? க்யூவின் டிப், அதாவது நுனி, வெள்ளையின் நடுவில் படாமல் இடதோ வலதோ பட்டிருக்கிறது. சுற்றாமல் பக்கவாட்டில் நகர்கிறதா? பந்தின் முழு முகத்தில் மோதவில்லை, அதாவது நீங்கள் நின்ற கோடோ குறியோ தப்பு. முன்னால் உருள்கிறதா? மேலே தட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் மெதுவாக அடித்ததில், போகிற வழியிலேயே துணியின் உராய்வு வெள்ளையை உருள வைத்திருக்கும். ஒரே ஒரு ஷாட்டில் இவ்வளவு தெரிகிறது!

தனியாகப் பழகும்போது வெள்ளைக்குப் பதிலாக 9-ஆம் நம்பர் பந்தை வையுங்கள். அதன் மஞ்சள் பட்டை செங்குத்தாக, நீங்கள் அடிக்கும் திசையிலேயே இருக்கட்டும். அடித்ததும் பட்டை ஆடாமல் உருண்டால் நடுவில் பட்டது, தள்ளாடினால் பக்கத்தில் பட்டது.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! நீங்கள் ஒரு தடவை கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட அது இருக்காது. கையில் அந்த அதிர்வை உணர்ந்து நீங்கள் ஏதாவது செய்வதற்குள் பந்து எப்போதோ போய்விட்டது. அப்படியென்றால் எல்லாக் கோச்சும் சொல்கிறார்களே, "அடித்த பிறகு க்யூவை நேராக முன்னால் விடு" என்று, அது எதற்கு? அடித்த பிறகு நீங்கள் செய்யும் எதுவும் போன பந்தை மாற்றப்போவதில்லையே?

காரணம் அடிக்கு முன்னால் இருக்கிறது. க்யூவைச் சட்டென்று நிறுத்தப்போகிற கை, பந்தைத் தொடும் முன்பே பிரேக் போட ஆரம்பித்துவிடும். தலையைத் தூக்கப்போகிற உடம்பு, தொடும் முன்பே எழ ஆரம்பித்துவிடும். முன்னால் நீளும் க்யூ, நீங்கள் எப்படி அடித்தீர்கள் என்பதற்கான சாட்சி. இதை நீங்கள் தேடிப்போகிற ஆசிரியரிடமே கேளுங்கள்: "க்யூவை ஏன் முன்னால் விட வேண்டும்?" காரணத்தோடு விளக்குகிறாரா, "அப்படித்தான், செய்" என்கிறாரா என்று பாருங்கள். காரணம் தெரிந்தவரால்தான் அடுத்த மாதம் உங்களுக்கு வேறு தப்பு வரும்போது அதையும் கண்டுபிடிக்க முடியும்.

"நான் நன்றாகத்தானே ஆடுகிறேன், எனக்கு எதற்கு அடிப்படை?" என்று கேட்பவர்களுக்கு பூல் மாதிரியே க்யூவால் ஆடும் ஸ்னூக்கரின் வீரர் மார்க் வில்லியம்ஸைச் சொல்வேன். 2000, 2003 என இரண்டு முறை உலக சாம்பியன். அப்புறம் நீண்ட இடைவெளி. ஸ்டீவ் ஃபீனி என்ற கோச்சிடம் போய், ஷாட்டின் கோட்டில் எப்படி வந்து நிற்பது என்பதிலேயே வேலை செய்தார். 2018-இல், 43 வயதில், மறுபடி உலக சாம்பியன்! சொல்லிக்கொடுத்த ஃபீனி உலக சாம்பியன் அல்ல. வில்லியம்ஸுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை: அமெரிக்காவில் பூல் ஆசிரியர்களுக்கென்றே பி.பி.ஐ.ஏ. (Professional Billiard Instructors Association) என்ற அமைப்பு தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது.

நம் ஊரில் பூல் மட்டும் சொல்லித்தருகிறவர் கிடைப்பது கஷ்டம். ஸ்னூக்கர் கோச் கிடைத்தால் தயங்காமல் போங்கள். 12 அடி மேஜை, சின்னப் பாக்கெட். அங்கே கோணலான ஸ்ட்ரோக் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஆலிசன் ஃபிஷர் இங்கிலாந்தில் ஸ்னூக்கர் ஆடி வளர்ந்து, 1995-இல் அமெரிக்காவுக்குப் போனவர். அடுத்த ஆண்டே 9-பால் என்ற பூல் வகையில் பெண்கள் உலக சாம்பியன்! ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் ஷாட், பந்தைத் தாண்ட வைக்கும் ஜம்ப் ஷாட்டெல்லாம் பிறகு பூல்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

மொத்தமாக மூன்று மாதப் பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். உங்கள் போனிலேயே பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஸ்டான்ஸ் (நிற்கும் விதம்), பிரிட்ஜ் (க்யூவைத் தாங்கும் முன்கை), கிரிப் (பின்கையின் பிடி) எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் எதுவும் நிலைக்காது. ஒன்று அல்லது இரண்டு மாற்றம், அதற்கு வீட்டுப்பாடமாக ஒரு பயிற்சி, இவ்வளவு போதும். "கொஞ்ச நாள் ஆட்டம் மோசமாகும், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்கிறவர் கிடைத்தால் அடுத்த வகுப்புக்கு அப்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.

இன்றைக்கே போய் ஒரு பத்து ஸ்டாப் ஷாட் அடித்துவிட்டு, வெள்ளை எந்தப் பக்கம் ஓடியது என்று கமெண்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் நல்ல கிளப் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.